மூக்கு லேசான டிராலி

பிக்கப் வண்டியின் இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டு, நான் ஏறி உட்காரும் வரைக்கும் மச்சாண்டார் எதிரிலிருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. சித்திரை மாதத்து மத்தியானம். எங்கள் பண்ணையின் மூடிய ஷெட்டுக்குள் ஃபேன்கள் நின்றுபோய், கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு சீக்கிரம் போய் ஜெனரேட்டரை இழுத்து வருகிறோமோ அவ்வளவு கோழி பிழைக்கும். அப்படிப்பட்ட நேரத்திலும், தம்பி பெண்டாட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியேறுவதை நேராகப் பார்க்கக் கூடாது என்று அவர் மரத்தைப் பார்த்தார். நான் கதவைச் சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேரிங் முன்னால் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். அந்த இடத்தில் தண்ணீர்க் கேனைத் தூக்கி வைத்தார்.

மச்சாண்டார் என்றால் கணவரின் அண்ணன். எங்கள் பக்கத்துக் குடியானவ வீடுகளில் மருமகளாய் வந்தவள் மாமனாரிடம்கூட ஒன்றிரண்டு வார்த்தை பேசிவிடலாம். மச்சாண்டாரிடம் பேசுவது வேறு சங்கதி. கூப்பிட வேண்டி வந்தால் ‘மாமா’ என்று கூப்பிட வேண்டும்; கூப்பிட வேண்டி வராமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை. அவர் முன்வாசலில் உட்கார்ந்திருந்தால் நான் பின்வாசல் வழியாகப் போவேன். நான் அடுப்படியில் இருந்தால் அவர் வெளியே நின்று செருமுவார். காபி வேண்டுமென்றால் ‘அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு’ என்று தம்பியிடம் சொல்வார். அந்தப் புள்ளை இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ‘வெச்சிருக்கறேன்னு சொல்லுங்க’ என்று அதுவும் தம்பி வழியாகவே பதில் அனுப்பும். இதில் பகையும் இல்லை, வருத்தமும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிற மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

எனக்குத்தான் ஆரம்பத்தில் திணறலாக இருந்தது. நான் எடப்பாடிப் பக்கம் பிறந்தவள். வீட்டை ஒட்டியே தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் சோறு ஆகிவிட்டது என்பதையே தெரிவிக்க முடியும். கத்திக் கத்தி வளர்ந்த குரலோடு புதுச்சத்திரத்துக்கு உள்ளே போகிற ரோட்டில் ஒரு பண்ணை வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து, குரலை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். வந்த புதிதில் ‘உங்க ஊட்டுப் புள்ளைக்குப் பேச வராதா’ என்று பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா கேட்டதை என் பிறந்த வீட்டில் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை.

மச்சாண்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் போலப் பயந்து பயந்து வாழ்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. முட்டை அறையைப் பூட்டுவார். கேட்டு வரைக்கும் போவார். திரும்பி வந்து பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். வண்டியை எடுக்குமுன் ஒரு சுற்று சுற்றி நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்ப்பார். முட்டைத் தட்டுகளை ஏற்றிக் கயிறு கட்டினால், வேறொருவர் அவிழ்க்கவே முடியாது. ஹைவேயைக் கடப்பதென்றால் கண்ணுக்கெட்டின தூரம் வரை ரோடு காலியாகும்வரை வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். அந்த ரோட்டில் அப்படி ஒரு நேரம் வாய்ப்பது அபூர்வம். பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். கல்யாணத்தில் தாலி கட்டிவிட்டு முடிச்சு நிற்குமா என்று இழுத்துப் பார்த்தவன் இவன்தான் என்று என் மாமனார் சொல்லிச் சிரிப்பார். சொந்தபந்தத்தில் அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. பயம் அவருக்கு ஒரு வேலை. அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லைனில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்டு போனது. பண்ணையில் இருந்த ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடி, சூடேறி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பழைய மாதிரித் திறந்த ஷெட் என்றால் காற்று தன்பாட்டுக்கு வரும். நாங்கள் புதிதாகப் போட்டிருந்தது நான்கு பக்கமும் மூடி, ஒரு முனையில் பெரிய ஃபேன்கள் வைத்துக் காற்றை இழுக்கிற ஷெட். ஃபேன் நின்றால் உள்ளே இருக்கிற கோழிகளின் சூடே கோழிகளைக் கொன்றுவிடும். மேல் அடுக்குக் கூண்டில் இருப்பவைதான் முதலில் போகும். என் வீட்டுக்காரரும் வேலையாட்களும் கதவுகளைத் திறந்து, பக்கத்துப் படுதாவைக் கத்தியால் கிழித்து, தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது போதாது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஷெட் போனால் எங்களுக்கு வேறு கதி இல்லை.

முகூர்த்த நாளாக இருந்ததால் வாடகை ஜெனரேட்டர்கள் எல்லாம் கல்யாண மண்டபங்களில் நின்றன. ஆண்டகலூர் கேட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு விடுகிறவர் எனக்குச் சித்தப்பா முறை. அவரிடம் ஒரு மண்டபத்தில் பந்தி முடிந்து சும்மா நிற்கிற ஒன்று இருந்தது. போனில் கேட்டால் இழுத்தடிப்பார், நேரில் போய் நின்றால் மறுக்க மாட்டார் என்பதால் நான் போக வேண்டியதாயிற்று. மச்சாண்டாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். ஆகவே வண்டிக்குள் எங்களுக்கு நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்க யாருமில்லை. போகிற வழி முழுக்க அவர் ரோட்டைப் பார்த்தார், நான் போனைப் பார்த்தேன்.

சித்தப்பா மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜெனரேட்டர் டிராலியை எப்போதும் இழுக்கிற டிராக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தது. மண்டபத்துக்குப் போனதும், பிக்கப்பிலேயே மாட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள் அங்கிருந்த ஆட்கள். அது இரண்டு சக்கர டிராலி. மேலே ஜெனரேட்டர், அதைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு, இன்னும் வயர் சுருள்கள், டீசல் கேன்கள். தனக்கென்று பிரேக் கிடையாது. எங்கள் பிக்கப் முட்டையும் தீவன மூட்டையும் ஏற்றுகிற சின்ன வண்டி. இழுக்கிற வண்டியைவிட இழுபடுவது கனம் என்பது பார்த்தாலே தெரிந்தது. மச்சாண்டார் டிராலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். டயரில் காற்றுக் குறைவு என்று பிடிக்கச் சொன்னார். ‘ஓட்டறதுக்கு யோசனையா இருந்தா உட்டுருங்க’ என்று மண்டபத்து ஆள் ஒருவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொக்கியை ஆட்டிப் பார்த்து, பழைய ஆணியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கனத்த ஆணி கேட்டார். சங்கிலி போடச் சொன்னார். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. தப்பு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டிராக்டர் கொக்கியைவிடப் பிக்கப் கொக்கி உயரம். டிராலியின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பை, மூக்கு என்று சொல்வார்கள், அந்த உயரத்துக்குத் தூக்கி மாட்ட வேண்டும். கனத்தில் மூக்கு எழும்பவில்லை. உடனே மண்டபத்து ஆட்கள் பழகின கைகளாக வயர் சுருளையும் டீசல் கேன்களையும் முன்னாலிருந்து எடுத்து டிராலியின் வாலில் கொண்டுபோய் வைத்தார்கள். வால் கனத்தது, மூக்கு தானாக எழும்பியது. ஒருவர் அதை ஒரே கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, ‘ஒத்தக் கையில தூக்கறாப்புல இருந்தாத்தான் டிராலி நல்லா உக்காந்திருக்குதுன்னு அர்த்தம்’ என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். டிராக்டரின் கனத்துக்கும் அதன் நடைக்கும் அது பொருந்துகிற பேச்சுதான். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மச்சாண்டார் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. ஆணியைச் செருகி, அதன் முனையில் கம்பியை முறுக்கி, சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியேறினார்.

ஹைவேக்கு வந்ததும் கண்ணாடி வழியாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பிக்கப்பின் காலிப் பெட்டிக்கு அந்தப்புறம் ஜெனரேட்டரின் இரும்புக் கூடு உயரமாக நின்றது. கொஞ்ச தூரம் போனதும் அது இடதுபக்கம் ஒரு அசைவு, வலதுபக்கம் ஒரு அசைவு அசைந்தது. ரோட்டில் குழியா என்று பார்த்தேன். ரோடு மொழுமொழுவென்று இருந்தது. பிறகு ஒரு ஆம்னி பஸ் எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றுப் பட்டதும் டிராலி இன்னும் அகலமாக ஆடியது. நம் வண்டியின் பின்பாகத்தை யாரோ பிடித்து ஆட்டுகிற உணர்வு இருக்கையில் தெரிந்தது. 

சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? ‘மாமா’ என்று கூப்பிட்டு, அதன்பிறகு வண்டியை இப்படி ஓட்டாதீர்கள் என்று மச்சாண்டாருக்கு நான் சொல்வதா? அவர் வண்டி ஓட்டுகிறவர், எனக்கு அன்றைக்கு சைக்கிள்கூட ஒழுங்காக வராது. அவர் முகத்தைப் பார்த்தால் ஏதாவது புரியும் என்று நினைத்தேன். முகத்தை நேராகப் பார்த்துப் பழக்கம் இல்லாததால் அவர் கைகளைத்தான் பார்க்க முடிந்தது. ஸ்டேரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அது வெயிலா, பயமா, வழக்கமே அப்படித்தானா என்று தெரியவில்லை. அதற்குள் போன் அடித்தது. என் வீட்டுக்காரர். ‘எங்க வாரீங்க? மேலடுக்கு உளுக ஆரம்பிச்சிருச்சு, எங்க வாரீங்க?’ என்று கத்தினார். அவர் குரல் போனைத் தாண்டி வண்டிக்குள் கேட்டது. மச்சாண்டார் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

முன்னால் மேம்பாலம் வந்தது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. வண்டி முக்கிக்கொண்டு ஏறியது, டிராலி அடங்கி வந்தது. இறக்கத்தில் திரும்பினதும் பின்னாலிருக்கிற கனம் முழுக்க எங்களைத் தள்ள ஆரம்பித்தது. டிராலி இடதில் போனால் பிக்கப்பின் வால் வலதில் போனது. ஒவ்வொரு ஆட்டமும் போன ஆட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது. பாலத்துச் சுவர் என் ஜன்னலுக்குக் கிட்டே வந்து விலகிப் போனது, மறுபடி கிட்டே வந்தது. அதற்கு அந்தப்பக்கம் கீழே ஒரு டீக்கடையும் நிழலில் உட்கார்ந்திருந்த ஆட்களும் தெரிந்தார்கள். பெட்டியில் மடித்து வைத்திருந்த என் தறிக்குரல் தானாக வெளியே வந்தது.

‘மாமா, நிறுத்துங்க.’

அவர் கால் பிரேக்கைத் தொட்டது. தொட்டதும் ஆட்டம் இன்னும் அதிகமானது. கனத்த டிராலி நிற்கிற எண்ணமே இல்லாமல் பின்னாலிருந்து முட்டியது. சட்டென்று காலை எடுத்துவிட்டார். பிரேக்கும் இல்லை, ஆக்ஸிலேட்டரும் இல்லை. ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பவும் இல்லை. ஸ்டேரிங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததுபோல நேராக வைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி, வண்டி தன்பாட்டுக்கு வேகம் குறையும்வரை காத்திருந்தார். அந்த நேரத்துக்கு எத்தனை நொடி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாலம் இறங்கித் தரையைத் தொட்டபோது ஆட்டம் சிறுத்திருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பிரேக்கை வைத்து ஓரம்கட்டினார். எஞ்சினை அணைத்தும் அவர் கை ஸ்டேரிங்கை விடவில்லை. என் கை கதவுப் பிடியை விடவில்லை. 

அவர் இறங்கிப் போய் டிராலியின் மூக்கைப் பார்த்தார். கொக்கியில் அது கனமே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது; பிக்கப்பின் பின்பக்கம் கீழே உட்காருவதற்குப் பதில் மேலே தூக்கி நின்றது. கையால் அழுத்திப் பார்த்தார். எழும்பியது, இறங்கியது. தலையில் அடித்துக்கொண்டார். வாலில் இருக்கிற கனம் மூக்கைத் தூக்க, மூக்கு எங்கள் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து எடுக்கப் பார்த்திருக்கிறது. பின்சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பில்லாவிட்டால் டிராலி எந்தப்பக்கம் இழுக்கிறதோ அந்தப்பக்கம் வண்டி போகத்தான் போகும். இதை அவர் எனக்கு விளக்கவில்லை. மேலே ஏறி வயர் சுருளை உருட்ட ஆரம்பித்தார். தனியாக முடியவில்லை என்று தெரிந்ததும் நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். இந்தத் தடவை அவர் வேறெங்கும் பார்க்கவில்லை. ‘அந்தப் பக்கம் புடி சாமி’ என்றார். கல்யாணமாகி வந்து அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

சுருள்களையும் கேன்களையும் ஒவ்வொன்றாக முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஜெனரேட்டருக்கு முன்னால் இறுக்கிக் கட்டினோம். வெயிலில் இரும்பு கையைச் சுட்டது. பாதி வேலையில் போன் வந்தது. என் வீட்டுக்காரர் இந்தத் தடவை கத்தவில்லை, அழுதார். மேலடுக்கு முழுக்கப் போய்விட்டது, நடு அடுக்கும் தலையைத் தொங்கப்போடுகிறது என்றார். நான் போனை வைத்துவிட்டு, போதும், கிளம்பலாம் என்றேன். மீதிக் கேன்கள் வாலிலேயே இருந்துவிட்டுப் போகட்டும், என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் கயிற்றை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘கோழி சாகறது எனக்குந் தெரியுது சாமி. நாம போய்ச் சேரோணும். மொதல்ல அது’ என்றார்.

கடைசிக் கேனையும் கொண்டுவந்து கட்டின பிறகுதான் இறங்கினார். இப்போது மூக்கு கொக்கியை அழுத்திக்கொண்டு நின்றது. பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் தணிந்திருந்தது. ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. அதன்பிறகு ரோட்டின் இடது ஓரமாகவே, மாட்டுவண்டியை முந்தலாமா என்று யோசிக்கிற வேகத்தில் வந்தோம். சின்ன இறக்கம் வந்தால்கூட முன்னதாகவே கியரைக் குறைத்துக்கொண்டார். முன்னால் போகிற வண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்கு இடம் விட்டார். அந்த இடத்தில் மற்றவர்கள் புகுந்தால் இன்னும் பின்வாங்கினார். அதைவிட முக்கியம், அவர் பேசினார். பஸ் வருது சாமி, காத்து அடிக்கும், பின்னால பாத்துச் சொல்லு என்பார். நான் திரும்பிப் பார்த்து, ஆடலீங்க என்பேன். லாரி போகுது, இப்பப் பாரு என்பார். லேசா ஆடுச்சுங்க, நின்னுருச்சு என்பேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போன இரண்டு பேர், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு பண்ணைக்கு வந்து சேர்ந்தோம்.

வந்ததும் அவர் முதலில் செய்த காரியம், டிராலிச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தது. அதன்பிறகுதான் கொக்கியைக் கழற்றினார். ஷெட்டுக்கு முன்னால் செத்த கோழிகளைக் குவித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். ‘இப்பத்தான் கல்லு வெக்கோணுமாங்கண்ணா? நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கலாம்’ என்றார். மச்சாண்டார் வயர் சுருளை அவிழ்த்தார். ஃபேன்கள் ஓட ஆரம்பித்தன. பிழைத்தவை ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. ஆனால் நாங்கள் தாமதித்த நேரத்துக்கு ஷெட் விலை கொடுத்திருந்தது. மேலடுக்கும் நடு அடுக்கில் பெரும்பகுதியும் போய்விட்டன. கீழடுக்கு மிஞ்சியது.

என் வீட்டுக்காரர் மறுபடியும் அண்ணனிடம் போய் நின்று, ஏன் இத்தனை நேரம் என்று கேட்டார். ‘நாந்தான் மெதுவா வந்தேன்’ என்றார் மச்சாண்டார்.  பாலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேலையாட்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா, செய்தி கேட்டு வந்த சொந்தக்காரர்கள். மச்சாண்டார் இருக்கிற இடத்தில் நான் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. நான் முன்னால் போய் நின்று, ‘நாந்தானுங்க நிறுத்தச் சொன்னேன். அவங்க நிறுத்தலீன்னா நாங்க ரெண்டு பேரும் பாலத்துக்கடியில கெடந்திருப்போம்’ என்றேன். தறிக்குரல்தான். கேட்டு வரைக்கும் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் என்னையும் டிராலியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் கொடுத்தார். அவர் குடிக்கும்போது பக்கத்திலேயே நின்றார்.

சாயங்காலம் செத்த கோழிகளைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வேலையாட்களுக்கு டீ கொண்டுபோனேன். மச்சாண்டார் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக என்றால் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருப்பேன். அன்றைக்குக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மண்ணைப் பார்த்தபடியே சொன்னார். ஆண்டகலூர் கேட்டிலிருந்து கிளம்பினதிலிருந்தே பின் டயர் தரையில் பாவவில்லை, அது தனக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது என்றார்.

‘அப்பறம் ஏனுங்க மாமா சொல்லல?’

‘உன்றகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல. பயந்துக்குவீன்னு வேற.’

நானும் பின்னால் பார்த்தேன், எனக்கும் தெரிந்தது, எனக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டே செத்திருப்போம் போலிருக்கிறதே என்று நான் சொன்னேன். அவ்வளவு கோழி செத்துக் கிடக்கிற இடத்தில் சிரிக்கக் கூடாதுதான். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.  அவர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

அதெல்லாம் ஆகிப் பல வருஷம். மிஞ்சின கீழடுக்கைக் கொண்டு மறுபடி எழுந்தோம். இப்போது பண்ணையில் இரண்டு ஜெனரேட்டர் நிரந்தரமாக நிற்கிறது. மூன்றாவதாக ஒன்றை டிராலியில் வைத்திருக்கிறோம், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குக் கரண்டு போனால் கொண்டுபோய்க் கொடுக்க. என் வீட்டுக்காரருக்கு முதுகுவலி, மச்சாண்டாருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, ஆகவே அதை இழுத்துப் போகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். பயப்படவும் நன்றாகக் கற்றுக்கொண்டேன். மூக்கு ஒற்றைக் கையில் எழும்பினால் வண்டியை எடுக்கவே மாட்டேன். சாமான்களை முன்னால் மாற்றிவைத்து, தூக்குகிற ஆட்கள் முக்கி முனகின பிறகுதான் சாவியைத் திருப்புவேன். ‘எங்கண்ணனுக்கு மேல ஆயிட்ட நீ’ என்கிறார் என் வீட்டுக்காரர். எப்போது கிளம்பினாலும் மச்சாண்டார் கூப்பிடாமலே வந்து இடதுபக்கம் ஏறிக்கொள்வார். ஏறினதிலிருந்து வாய் மூடுவதில்லை. முன்னால் என்ன, பின்னால் என்ன, எந்த வண்டி முந்தப் பார்க்கிறது, டிராலி எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். போனில் கேட்கிற என் வீட்டுக்காரர், ரேடியோவை நிறுத்து என்பார்.

போன மாதம் ராசிபுரத்துப் பக்கம் ஒரு பண்ணைக்கு டிராலியைக் கொண்டுபோனோம். அதே மேம்பாலத்தில் ஏறி இறக்கத்தில் திரும்பினேன். கியரைக் குறைத்து, ஓரமாக, மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டிக்குள் சத்தமே இல்லை என்பது உறைத்தது. இந்தப் பாலத்தில் அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? பின்னால் ஏதோ ஆகியிருக்கிறது, என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. இல்லாவிட்டால் அவருக்கே ஏதாவது.  காலை எடுத்தேன், ஸ்டேரிங்கை நேராகப் பிடித்தேன், தானாக வேகம் குறையவிட்டு, பாலம் முடிந்ததும் ஓரம்கட்டி நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் டிராலி அசையாமல் நின்றது. அவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி, நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு நிறுத்தினேன் என்று புரியாமல் என் பக்கம் திரும்பினார்.

‘ஏனுங்க மாமா, பேச மாட்டீங்கறீங்க?’

‘நல்லாத்தான ஓட்டற. என்னத்தச் சொல்ல?’

அத்தனை வருஷத்தில் அவர் ரோட்டில் பயமில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ மறுபடி வண்டியை எடுக்கவே மனம் வரவில்லை.

‘ஏதாச்சும் சொல்லுங்க. நீங்க பேசலீன்னா எனக்குப் பயமா இருக்குதுங்க’ என்றேன்.

 அவர் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார்.

‘ஒரு பால் வண்டி வருது’ என்றார். ‘தூரத்துல, மெதுவாத்தான் வருது. நீ எடு சாமி.’